ஏலும், ஏலாது

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஏலாது’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செய்ய முடியாது என்பது ஒன்று. சுகமில்லை என்பது மற்றது. “உம்மாவுக்கு ஏலாம இருக்கு” என்று சொன்னால் அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று அயல் வீட்டார் விளங்கிக்கொள்வார்கள். வருத்தக்காரரையும் முடியாதவரையும் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். ஒருவருடைய கிளினிக் கொப்பியில் ‘நீரிழிவு’ என்று எழுதியவுடன், அவர் மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் ஏலாதவராகிவிடுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று நான் யோசிப்பதுண்டு.

உடற்பயிற்சி நல்லது என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் தரத்துப் பிள்ளையும் அதைப் பற்றிப் பத்து வசனம் எழுதும். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகின் வளர்ந்தவர்களில் 31 சதவீதமானோர் அந்த அளவை எட்டவில்லை. அவர்களிலும் பலர் நல்லதென்று அறிந்தவர்கள்தான். அறிவதற்கும் செய்வதற்கும் நடுவே “என்னால ஏலும்” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு என் உம்மாவைப் பார்த்துத்தான் வந்தது.

உம்மாவுக்குச் சீனி வருத்தம் கண்டுபிடித்து ஆறு வருடமாகிறது. கிளினிக்கில் மாதா மாதம் ஒரே வசனம்: “நாளைக்கு அரை மணித்தியாலம் நடங்க.” உம்மாவும் மாதா மாதம் தலையாட்டிவிட்டு வந்து தையல் மெசினில் உட்காருவார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மூதாட்டிக்கு இதே வருத்தத்தால் காலில் புண் வந்து, ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரைப் பார்க்கப் போய் வந்த அன்று உம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனாலும் நடக்கத் தொடங்கவில்லை. பயம் அவரை எழுப்பும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அது அவரை இன்னும் அமர்த்தி வைத்தது. “என்ட காலும் ஒருநாள் இப்பிடித்தான்” என்று சொல்லிக்கொண்டு அதே கதிரையில் இருந்தார்.

இத்தனைக்கும் உம்மா சும்மா இருந்து வளர்ந்தவர் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. முல்லைத்தீவிலிருந்து வவுனியா வரைக்கும், இடையில் கொஞ்சத் தூரம் டிரக்டர் பெட்டியில் போனதைத் தவிர, மிச்சத்தை நடந்தே கடந்த பிள்ளைகளில் ஒருத்தி. புத்தளத்தில் இருபது வருடம் ஓலைக்கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை. 2011இல் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் காணி காடாகிக் கிடந்தது. எனக்கு நாலு வயது. எனக்கு நினைவில் இருப்பது உம்மாவின் கையிலிருந்த கத்தியும் வெட்டிக் குவித்த முள்ளுப் பற்றையும்தான். அதற்குப் பிறகு ஒரு ஏக்கரில் கச்சான் போட்டார். காலையிலிருந்து பொழுது படும்வரை குந்தியிருந்து களை பிடுங்குவார். கப்பியில் தண்ணீர் அள்ளி இரண்டு கையிலும் வாளி கொண்டுவருவார். நாரிப்பிடிப்பு வந்த பிறகுதான் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தையலுக்கு மாறினார்.

இந்தப் பெண்தான் “அரை மணித்தியாலம் நடக்க என்னால ஏலுமா மகள்?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

என் பெரியம்மாவின் மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிறார். அவருடைய உளவியல் குறிப்புக் கொப்பியில்தான் அல்பர்ட் பண்டூரா என்ற பெயரை முதலில் பார்த்தேன். 1925இல் கனடாவின் ஒரு சிற்றூரில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, 2021இல் காலமானவர். ஒரு காரியத்தைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் கொண்டிருக்கும் நம்பிக்கையைப் பற்றி அவர் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நம்பிக்கை நாலு வழியாக வருகிறது என்றார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் சொல், தன் உடம்பும் மனமும் அந்த நேரத்தில் காட்டும் அறிகுறி. இவற்றில் வலுவானது முதலாவது. மற்றவை அதற்குக் கீழேதான்.

இதை அவர் பாம்பை வைத்துச் சோதித்தார் என்பதுதான் ராத்தாவின் கொப்பியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பாம்பென்றால் நடுங்குகிறவர்களைக் கூட்டிவந்தார்கள். சிலர், வேறொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அப்படிப் பார்த்ததோடு நிற்காமல், பக்கத்தில் உதவிக்கு ஆள் நிற்க, படிப்படியாகத் தாங்களே தொட்டுத் தூக்கிப் பழகினார்கள். பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது. தொட்டவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது. (எங்கள் ஊரில் இந்த ஆராய்ச்சிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வன்னிப் பாம்பு படிப்படியாக வருவதில்லை.)

ஆனால் செய்து பார்த்த அனுபவமே வலுவானதென்றால், என் உம்மாவிடம் அது மலைபோல் இருக்க வேண்டுமே. வவுனியா வரை நடந்த கால்களுக்கு அரை மணித்தியாலம் ஏன் பயமாக இருக்கிறது?

இதை ராத்தாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் பலநாள் யோசித்தேன். ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது, அதை ‘நான் செய்தேன்’ என்று அந்த ஆள் தன் கணக்கில் எழுதிக்கொண்டால்தான் தரும் என்று பண்டூரா சொல்லியிருக்கிறாராம். நிர்ப்பந்தத்தாலோ பிறர் உதவியாலோ நடந்துவிட்டது என்று நினைத்தால் அது கணக்கில் ஏறாது. எனக்கு உடனே உம்மாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. 1990ஐப் பற்றி உம்மா எப்போது சொன்னாலும் “நடக்க வச்சாங்க” என்றுதான் சொல்வார். “நடந்தன்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. காடு வெட்டியதைக் கேட்டால், “வேற வழி? வெட்டத்தானே வேணும்” என்பார். கச்சான் காணி, தண்ணீர் வாளி எல்லாம் ‘வேலை’. உடற்பயிற்சி என்பது வேறு ஆட்களுக்கு உரியது. சப்பாத்தும் நேரமும் காசும் உள்ளவர்களுக்கு உரியது. வாழ்நாள் முழுக்க உடம்பால் உழைத்த ஒருவர், தன் உடம்பைப் பற்றி நல்லதாக ஒன்றையும் எழுதிவைத்திருக்கவில்லை. எங்கள் உம்மாமார், உம்மம்மாமார் பலரும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனமோ வீட்டு வேலை, தோட்ட வேலை, கடைக்கு நடப்பது எல்லாவற்றையும் உடல் அசைவாகவே கணக்கெடுக்கிறது. எங்கள் வீடுகளுக்கு அந்தக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இனி, பார்த்து வரும் நம்பிக்கை. தண்ணீரூற்றும் முள்ளியவளையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்று வந்த அகிலத்திருநாயகி அம்மா முள்ளியவளையைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு 72 வயது. அந்தச் செய்தி வந்த நாட்களில் ஊர் முழுக்க அதே பேச்சு. நான் விடுதியிலிருந்து உம்மாவுக்குக் கோல் எடுத்து, “பாத்தீங்களா, உங்களைவிட எத்தனை வயசு கூட!” என்று உற்சாகமாகச் சொன்னேன். உம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, “அவ வேற ஆள் மகள். அவக்கு அது ஏலும்” என்றார். அவ்வளவுதான். உம்மாவைப் பொறுத்தவரை அவர் பெருமைப்பட வேண்டிய ஒரு மனிதர், தன்னோடு ஒப்பிட வேண்டிய மனிதர் இல்லை. சிகரத்தில் நிற்பவரைப் பார்த்து எல்லோருக்கும் ஏறத் தோன்றாது. சிலருக்குத் தாம் நிற்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்றுதான் தோன்றும்.

எனக்கு அதைவிட 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய சவூதி அரேபியப் பெண் சாரா அத்தாரின் கதை பிடிக்கும். தலையை மூடி, உடம்பை மூடி ஓடினார். தன் குழுவில் கடைசியாக வந்தார், அதுவும் மற்றவர்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிந்தி. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கடைசியாக வந்த ஒருவரிடமிருந்தும் “இவ ஓடினா நானும் ஓடலாம்” என்ற எண்ணம் பிறக்கும். எங்கள் பாடசாலைகளில் இது நடப்பதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் தெரிவோட்டம் வைக்கிறோம். எட்டுப் பேர் ஓடினால் இரண்டு பேர் தெரிவாவார்கள். மிச்ச ஆறு பேரும் கூடாரத்தில் இருந்து கை தட்டப் பழகுகிறார்கள். ஒன்பதாம் தரத்துக்கு வரும்போது அந்த ஆறு பேரும் “எனக்கு ஸ்போர்ட்ஸ் சரிவராது” என்று ஒரே குரலில் சொல்வார்கள். உயர்தரம் வந்துவிட்டால் அதையும் சொல்லத் தேவையில்லை. ரியூஷன் நேரம் வந்து காப்பாற்றிவிடும். 146 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோர் நாளுக்கு ஒரு மணித்தியால உடல் அசைவை எட்டுவதில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். ஆக இது வன்னியின் குறையோ முஸ்லிம் பெண்களின் குறையோ மட்டுமில்லை. அவ்வளவு பேரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத்தில் வெல்லத் தெரியாதவருக்கு ஓடவே தெரியாது என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சின்ன வயதிலேயே விளங்கவைத்திருப்பார்கள்?

உம்மாவை எழுப்பியது பிலிப்பைன்ஸும் இல்லை, லண்டனும் இல்லை. பின்வீட்டு மாமி.

மாமிக்கும் சீனி. உம்மாவின் வயது, உம்மாவைவிடப் பாரம், உம்மாவைப் போலவே கறுப்பு அபாயா. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு காலை சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் வந்த நேரத்தில், மாமி எங்கள் படலையைக் கடந்து போவதைக் கண்டோம். அபாயாவுக்குக் கீழே மகனின் பழைய பாடசாலைச் சப்பாத்து, வெள்ளை நிறம். கையில் நாய்க்குப் பயந்து ஒரு தடி. சரியாகக் கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு படலையில் நின்றார். “எதுவரைக்கும் போறீங்க?” என்று கேட்டார். “முதல் மதகு வரைக்கும்தான். அங்கால எனக்கும் ஏலாது” என்றார் மாமி. அந்த ‘எனக்கும்’ என்ற சொல் செய்த வேலையை ஆறு வருடக் கிளினிக் செய்யவில்லை. நாலாம் நாள் மாமியோடு உம்மாவும், உம்மாவோடு நானும்.

முதல் மதகு எங்கள் வீட்டிலிருந்து 300 மீற்றர் இருக்கும். அதற்கே உம்மா இரண்டு தரம் நின்றார். நெஞ்சு படபடக்கிறது, இது ‘ஹார்ட்’ என்று மதகிலேயே குந்திவிட்டார். உடம்பு காட்டும் அறிகுறி என்று பண்டூரா சொன்னது இதைத்தான். கச்சான் காணியில் நெஞ்சு படபடத்தபோது உம்மா அதை ‘வேலைக் களைப்பு’ என்று வாசித்தார். இப்போது அதே படபடப்பை ‘வருத்தம்’ என்று வாசிக்கிறார். எழுத்து ஒன்றுதான், வாசிப்பு வேறு. ஆனால் இது நாங்களே முடிவெடுக்கும் விடயம் இல்லை என்பதால் அந்தக் கிழமை கிளினிக்குக்குப் போனபோது கேட்டோம். ஒரு இளம் டொக்டர், பெண், இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நடக்கும்போது கதைக்க முடிந்து, பாட மட்டும் முடியாமல் மூச்சு வாங்கினால் அது அளவான வேகம். கதைக்கவே முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் நின்றுவிட்டு உடனே வர வேண்டும். வெறுங்காலோடு போகக் கூடாது, வெறுவயிற்றோடு போகக் கூடாது, பையில் இரண்டு டொபி வைத்திருக்க வேண்டும். “நடங்க” என்று மட்டும் சொல்லாமல், எப்படி நடப்பதென்று முதல் தடவையாக ஒருவர் சொன்னார். அதன்பிறகு மாமிக்கும் உம்மாவுக்கும் வழி முழுக்கக் கதைப்பதற்கு மருத்துவ அனுமதியும் கிடைத்துவிட்டது. ஊரில் அவர்கள் தொடாத விடயம் ஒன்றுமில்லை.

சப்பாத்துத்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அபாயாவோடு சப்பாத்துப் போட்டால் சனம் சிரிக்கும் என்றார் உம்மா. சிரித்தும்விட்டார்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போன ஒரு பொடியன், “என்ன, ஒலிம்பிக்குக்கோ?” என்று கேட்டுவிட்டுப் போனான். நல்ல சொல் ஆளை எழுப்புவதைவிட, கெட்ட சொல் ஆளை இருத்துவது சுலபம். ஆறு வருடப் புத்திமதி அசைக்காத உம்மாவை அந்த ஒற்றை வசனம் மூன்று நாள் வீட்டுக்குள் வைத்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் விடியப் படலையில் மாமியின் குரல் கேட்டது: “வாங்கோ, ஒலிம்பிக்குக்கு நேரமாகுது!” உம்மா சிரித்துக்கொண்டே சப்பாத்துக்குள் காலை விட்டார். இன்றைக்கும் அந்த நடைக்கு எங்கள் வீட்டில் ஒலிம்பிக் என்றுதான் பெயர்.

இரண்டாம் மதகுக்குப் பத்து நாள் பிடித்தது. அங்கிருந்து ஒருபக்கம் வயல், ஒருபக்கம் பனை. அந்த இடத்தில் ஒரு காலை, ஒருவரும் கேட்காமலேயே, உம்மா 1990ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். விட்டு வந்த மாடு, பூட்டாமல் வந்த கதவு என்று நான் பலதரம் கேட்ட கதைதான். பிறகு, நான் கேட்டிராத ஒன்று: “மூண்டாம் நாள் உன்ட உம்மம்மாட கால் வீங்கிட்டு. தம்பிக்கு மூண்டு வயசு, அவன் நடக்க மாட்டன் எண்டு அழுகிறான். நான்தான் அவனத் தூக்கினன். இடுப்பில வச்சுக்கொண்டே நடந்தன், இருட்டும் மட்டும்.” மாமி, “பதினொரு வயசிலயோ?” என்று கேட்டார். “ஓம். நல்ல பாரம் அவன்” என்றார் உம்மா. சொல்லிவிட்டுத் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்தில் செம்மண். நாங்கள் மூவரும் அன்று இரண்டாம் மதகில் திரும்பவில்லை என்பதை மூன்றாம் மதகு தெரிந்த பிறகுதான் கவனித்தோம்.

அந்த மாமா இப்போது புத்தளத்தில் கடை வைத்திருக்கிறார். நூறு கிலோவுக்குக் கிட்ட. அவருக்கும் டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஏலாதாம்.

இதை வாசிக்கும் பெற்றோர், உம்மாவின் சீனி குறைந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது. குளிசை அதேதான், டொக்டர் ஒன்றையும் நிறுத்தவில்லை, சோற்றின் அளவைப் பற்றிய சண்டையும் வீட்டில் நிற்கவில்லை. கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மாறியிருப்பது இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் எதையும் தொடங்குமுன் “ஏலுமோ தெரியா” என்பார். இப்போது, “எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறார்.

விடுமுறை முடிந்து நான் விடுதிக்கு வந்துவிட்டேன். எங்கள் அறையில் ஐந்து பேர் மாலையில் தொழுகைக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். தெரிவோட்டத்தில் ஒருநாளும் தெரிவாகாத ஐந்து பேர். யாரும் நேரம் பார்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உம்மா கோல் எடுத்தார். மாரி மழை பிடித்துவிட்டதாம், மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறதாம். “அப்ப ஒலிம்பிக்?” என்று கேட்டேன். விறாந்தையில் நடக்கிறார்களாம், இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தத்துக்கு நூறு தரம். மாமியும் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இருவரும் எதிரெதிராக நடந்துகொண்டு, மாமியின் மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றிக் கதைத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டதாம். அறுபதோ எழுபதோ என்று வாக்குவாதப்பட்டு, கடைசியில் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்களாம்.